வட்டங்கள் இல்லாத படிவம்

ஆகஸ்ட் பதினான்காம் நாள், வியாழக்கிழமை, முற்பகல் பத்து மணி இருபது நிமிடம். வானம் மூடியிருக்கிறது. மழை இல்லை, காற்றில் ஈரம் உண்டு.

என் அறிக்கைகள் எல்லாம் இப்படித்தான் தொடங்கும். வீண் அலங்காரம் என்று கேலி செய்தவர்கள் உண்டு. கண்ணைப் பரிசோதிப்பவனுக்கு வெளிச்சம் ஒரு சாட்சி. சாட்சி எந்த நிலையில் இருந்தது என்று குறிக்காமல் தீர்ப்பு எழுதுவது ஒழுங்கீனம். மேகம் மூடிய நாளில் கண்மணி சற்று விரிந்திருக்கும். உச்சி வெயிலில் நடந்து வந்தவனுக்கு முதல் ஐந்து நிமிடம் அறை இருட்டாகவே இருக்கும். எனக்குப் பின் வந்த மருத்துவர்களுக்கு இவை தெரியா. அவர்களுக்குப் பொத்தானை அழுத்தத் தெரியும்.

இந்த வாக்குமூலத்தை நான் சொல்ல, தட்டச்சர் அடித்துக்கொண்டிருக்கிறார். நானே எழுதியிருக்கலாம். ஆனால் சொல்லி எழுதச் செய்து, எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்பது என் வழக்கம். பிழை கண்ணுக்குத் தப்பும், காதுக்குத் தப்பாது. விசாரணைக் குழுவின் தலைவர் அம்மையார் பக்கத்து அறையில் முடிவை எழுதிக்கொண்டிருக்கிறார். பன்னிரண்டு மணிக்குள் கையொப்பமிட்டுத் தருவதாகச் சொன்னார். அதற்குள் நான் சொல்ல விரும்புவதைச் சொல்லலாம் என்றும், குறிப்பாக ஒரு கேள்விக்கு விடை தந்தால் பலருக்கு உதவியாக இருக்கும் என்றும் சொன்னார். அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

இருபத்தாறு ஆண்டுகள் நான் தொழிலாளர் உடல்தகுதி வாரியத்தின் கண் மருத்துவன். என்னிடம் வருபவர்கள் நோயாளிகள் அல்லர், மனுதாரர்கள். வேலையில் கண் போயிற்று என்று ஒருவர் மனுக் கொடுப்பார்; போனது மெய்யா என்று நான் சொல்லவேண்டும். மற்ற மருத்துவர்கள் தங்களிடம் வருபவர் உண்மை பேசுகிறார் என்ற நம்பிக்கையில் தொழில் செய்கிறார்கள். அந்தச் சொகுசு எனக்கு வாய்த்ததில்லை.

பொய்யரைக் கண்டுபிடிப்பது கடினம் என்று நினைக்கிறார்கள். கடினமன்று. குருடராக நடிப்பவருக்குக் குருடரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதுதான் அவருடைய பலவீனம். இரண்டு சுட்டுவிரல்களையும் நுனியோடு நுனி தொடச் சொல்வேன். மெய்யான குருடர் உடனே தொடுவார். தன் விரல் எங்கே இருக்கிறது என்று அறியக் கண் எதற்கு? இருட்டில் உண்பவர் யாரும் கவளத்தைக் காதில் வைப்பதில்லை. நடிப்பவரோ ஒரு சாண் இடைவெளி விட்டு இரு விரல்களையும் காற்றில் அலையவிடுவார், பெருமூச்சும் விடுவார். கையொப்பமும் அப்படியே. பார்வை இழந்தவர் தன் பெயரைப் பிசிறின்றி எழுதுவார். அது கையின் பழக்கம். நடிப்பவர் கோழி கிளறியதுபோல் எழுதி, தாளையும் தாண்டி மேசையில் முடிப்பார். சுமைவண்டி ஓட்டுநர் ஒருவர் என் மேசை விரிப்பில் தன் தந்தையின் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டுப் போனார்.

வாசலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஒரு முக்காலி வைத்திருப்பேன். நடிப்பவர் அதை நளினமாகச் சுற்றி வருவார். அல்லது மெத்தென்று இடித்து ஆவென்பார். எனக்கு ஒலியே போதும். கடைசியாக ஓர் அட்டை. அதில் ஒரே வரி: இதை வாசிப்பவர் பொய்யர். எதுவும் தெரியவில்லை என்பவரின் கையில் அதைக் கொடுத்துவிட்டு அமைதியாக இருப்பேன். மானமுள்ள மனிதரின் மூச்சு அந்த வரியில் ஒரு கணம் நிற்கும். நின்ற மூச்சை அவர் திரும்பப் பெறுவதற்குள் என் அறிக்கை முடிந்திருக்கும்.

வாரியத்தின் நடைகூடத்தில் எனக்கு ‘எக்ஸ்ரே’ என்று பெயர். “எக்ஸ்ரேகிட்டயா போற? பையில என்ன இருக்குன்னுகூடச் சொல்லிடுவாரு” என்று வெளியே பெஞ்சில் பேசிக்கொள்வது கதவு வழியாகக் கேட்கும். நான் மனுதாரரின் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. காதுக்குச் சற்று அப்பால் பார்ப்பேன். அது அவர்களை நடுங்கவைத்தது. தங்களுக்குப் பின்னால் நிற்கும் வேறு எதையோ நான் பார்க்கிறேன் என்று எண்ணினார்கள். எண்ணட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் அறையில் என்னோடு வேலை செய்தவர், கண்ணாடிக்கு அளவு பார்க்கும் அம்மாள். எல்லோரும் அவரை அளவுக்காரம்மா என்றே அழைத்தார்கள். என் வயதுதான். கருவிகளைத் துடைப்பதும், பார்வைப் பரப்பைப் படமாக எடுப்பதும், கோப்பை எனக்கு உரக்க வாசிப்பதும் அவர் வேலை. என் தேநீரை மேசையின் வலது மூலையில், விளிம்பிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைப்பார். ஒரு முறை இடது மூலையில் வைத்தார். அன்று ஒரு கோப்பு நனைந்தது. அதற்குப் பின் வைக்கவில்லை.

இனி படிவங்கள். வாரியத்தில் இரண்டு உண்டு. வெள்ளைப் படிவத்தில் ‘உறுப்பில் குறை காணப்படவில்லை’ என்று அச்சிட்டிருக்கும். கீழே கையொப்பம் போதும். மஞ்சள் படிவம் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு. அதில் இரண்டு வெற்று வட்டங்கள் இருக்கும். கண்ணின் பின்புறத்தில் பார்வை நரம்பு முடியும் முனையை மருத்துவர் கருவியில் பார்த்து, நிறத்தோடும் குருதி நாளங்களோடும், தம் கையாலேயே அந்த வட்டங்களுக்குள் வரையவேண்டும். வேறொருவர் வரைந்தால் செல்லாது. ஒளிப்படக் கருவி வந்து பதினைந்து ஆண்டுகளான பின்னும் இந்த விதியை ஒருவரும் நீக்கவில்லை. அலுவலகங்களின் மூடத்தனத்துக்கு எல்லை கட்ட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு, பிப்ரவரி ஒன்பதாம் நாள், முற்பகல் பதினொரு மணி, தெளிந்த வெயில். துணி ஆலையில் வேலை செய்யும் ஒரு பெண் வந்தார். வயது முப்பத்து நான்கு. அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசைமேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். நெசவில் பிசகு கண்ட இடத்தில் சாக்கட்டியால் குறியிடுவது அவர் தொழில். ஆறு மாதமாகத் துணியின் இரு ஓரங்களிலும் பிசகுகள் தப்பிப்போகின்றன என்று மேற்பார்வையாளர் எழுதியிருந்தார். கூட வந்த கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். கையில் எண்ணெய் வாசனை.

“என்னம்மா தொந்தரவு?”

“ஓரம் தெரியல சார்.”

“எந்த ஓரம்?”

“ரெண்டு ஓரமும். நேரா பாத்தா நல்லாத் தெரியுது. பக்கத்துல இருக்கறது இல்லாமப் போயிடுது.”

கணவர் இடையில் புகுந்தார். “ஊசியில நூல் கோத்துடறா சார். ஆனா கதவு நிலையில முட்டிக்கிறா. பக்கத்துலயே நிக்கறேன், என் மேலயே மோதிட்டு, நீங்க எப்ப வந்தீங்கன்னு கேக்கறா.”

“அது எல்லா வீட்லயும் நடக்கறதுதானே,” என்றார் அளவுக்காரம்மா.

மூவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

உள்ளே வரும்போதே அந்தப் பெண் முக்காலியை இடித்திருந்தார். மெதுவாக அல்ல, முழு நடையில், இடது முழந்தாளால், எலும்பு மரத்தில் மோதும் ஒலியோடு. நடிப்பவர்கள் தம்மைக் காத்துக்கொண்டு இடிப்பார்கள். இவர் காத்துக்கொள்ளவில்லை. கைதேர்ந்தவர் என்று மனத்தில் குறித்துக்கொண்டேன். விரல்களைத் தொடச் சொன்னேன், தொட்டார். கையொப்பமிடச் சொன்னேன், கோடு பிசகாமல் இட்டதாக அளவுக்காரம்மா சொன்னார். சோதனைகளைப் பற்றி முன்கூட்டியே கேட்டறிந்து வந்திருக்கிறார் என்பது தெளிவாயிற்று. அட்டையைக் கொடுத்தேன்.

“இதை வாசிப்பவர் பொய்யர்னு போட்டிருக்கு சார்,” என்றார். மூச்சு நிற்கவில்லை. “வாசிக்க முடியலன்னு நான் சொல்லவே இல்லையே. ஓரந்தான் தெரியலன்னேன்.”

வாசித்தார் என்று கோப்பில் எழுதச் செய்தேன். அட்டை தன் வேலையைச் செய்தது. அது எதற்காகச் செய்யப்பட்ட அட்டை, அவர் எதைச் சொல்லி வந்திருந்தார் என்ற வேறுபாட்டைக் குழு மிகவும் பெரிதுபடுத்துகிறது. தூண்டிலில் விழுந்தபின், நான் வேறு குளத்து மீன் என்று மீன் வாதாடுவதில்லை.

பிறகு அளவுக்காரம்மா அந்தப் பெண்ணைப் பார்வைப் பரப்புக் கருவியில் உட்காரவைத்துப் படம் எடுத்து வந்தார்.

“வாசிங்க,” என்றேன்.

“இது வாசிக்கறது இல்ல சார், படம். நீங்கதான் பாக்கணும்.”

“நீங்க சொல்லுங்க. சரியாச் சொல்றீங்களான்னு நான் பாக்கறேன்.”

“வலது கண்ணுல வலது பாதி கறுப்பு. இடது கண்ணுல இடது பாதி கறுப்பு. நடுக்கோட்டுல கத்தரிச்ச மாதிரி இருக்கு சார். நேரா.”

“இயற்கை ஸ்கேல் வச்சுக் கோடு போடாதும்மா. பொய் சொல்றவங்கதான் போடுவாங்க.”

இது தவறு என்று அப்போதே எனக்குத் தெரியும். அறியாமையை நான் ஒருபோதும் காரணமாகக் காட்டமாட்டேன். அது எனக்கு இழுக்கு. இரு கண்களின் நரம்புகளும் மூளையின் அடியில் ஓரிடத்தில் குறுக்கே கடக்கின்றன. அங்கே கட்டி ஒன்று வளர்ந்து அழுத்தினால் இரு ஓரங்களும் இருளும். நடுக்கோட்டில் கத்தரித்தாற்போல் இருளும். நேரே உள்ளது கடைசி வரை தெரியும். ஊசி கோப்பவர் கதவில் முட்டுவார். மூன்றாம் ஆண்டு மாணவனும் தூக்கத்தில் சொல்வான்.

அளவுக்காரம்மா அதோடு நிற்கவில்லை. அந்தப் பெண்ணின் கண்ணைக் கருவியில் நெடுநேரம் பார்த்தார். என் பக்கம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: “நரம்பு முனை ரெண்டும் வெளுத்துக் கெடக்கு சார். சுண்ணாம்பு அடிச்ச மாதிரி. நீங்க ஒரு தடவை பாத்துடுங்க.”

நான் கருவியின் முன் குனிந்தேன். ஒரு கண்ணுக்கு இருபது நொடி என்பது என் கணக்கு. எண்ணினேன். சக்கரத்தை இருமுறை திருப்பினேன். மறு கண்ணுக்கு நகர்ந்து அங்கும் இருபது எண்ணினேன். அந்தப் பெண் மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் இருந்தார்; தம் வாழ்க்கையை யாரோ அக்கறையோடு பார்க்கிறார்கள் என்று நினைத்திருப்பார்.

“இளஞ்சிவப்பு,” என்றேன். “எழுதுங்க.”

பேனா ஓடும் ஒலி கேட்கவில்லை.

“எழுதுங்கம்மா.”

“ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க சார். நான் இன்னிக்குக் கண்ணாடி போட்டிருக்கேனா?”

“எப்பவும் போடறதுதானே.”

“உடைஞ்சு நாலு நாள் ஆச்சு சார்.”

“இளஞ்சிவப்பு,” என்றேன் மறுபடி. பிறகு அவர் எழுதினார். மறுவாரமே அவரைக் கீழ்த்தளத்துச் சாமான் அறைக்கு மாற்றும்படி எழுதிக் கொடுத்தேன். கண்ணாடி இல்லாமல் கருவியில் பார்த்தவர் கண்டதை எப்படி நம்புவது என்பது நான் காட்டிய காரணம். கருவியின் வில்லையைத் திருப்பி எவரும் தம் பார்வைக்குச் சரிசெய்துகொள்ளலாம் என்பதை மேலிடத்தில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. நானும் அதைக் கற்பிக்கவில்லை.

வெள்ளைப் படிவத்தில் கையொப்பமிட்டேன். கணவர் எழுந்து நின்றார்.

“அப்ப இவ பொய் சொல்றாளா சார்?”

“உறுப்புல குறை இல்லன்னு மட்டுந்தான் நான் சொல்லுவேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானே சார்?”

நான் மறுக்கவில்லை. வீட்டில் அவரே சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு வழி சொன்னேன். மனைவி புழங்கும் வழியில், ஒரு நாள் இடப்பக்கம், ஒரு நாள் வலப்பக்கம், சொல்லாமல் ஒரு முக்காலியை வைக்கவேண்டும். பொய்க்குக் களைப்பு வரும். சில வாரங்களில் சுற்றி நடக்கத் தொடங்குவார் என்றேன். அந்தப் பெண் அப்போது கழிவறைக்குப் போயிருந்தார்.

கணவர் கெட்ட மனிதர் அல்லர், கீழ்ப்படிதல் உள்ளவர். லிஃப்ட் பழுதுக்குக் குறிப்பேடு வைப்பதுபோல் இதற்கும் ஒன்று வைத்தார். தேதி, பக்கம், விளைவு. அதைக் குழுவின்முன் அவரே வாசித்தார். பத்தொன்பது குறிப்புகள். இடது, இடித்தாள். வலது, இடித்தாள். இடது, விழுந்தாள். பதினான்காவது குறிப்பில், அடுப்பிலிருந்து வெந்நீர் எடுத்து வரும்போது வலப்பக்கம் வைத்ததாகவும், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்ததாகவும் இருந்தது. அதற்குப் பின்னும் ஐந்து குறிப்புகள். ஏன் நிறுத்தவில்லை என்று தலைவர் கேட்டார்.

“டாக்டர் சொன்னாரேம்மா, களைச்சுப்போயிடுவான்னு,” என்றார். “இவ களைக்கவே இல்ல. அழுத்தக்காரின்னு நெனச்சேன். பத்தொம்பதாவது தரம் விழுந்துட்டு, எந்திரிச்சு, முக்காலியத் தடவிப் பாத்து எடுத்து ஓரமா வச்சா. வச்சிட்டு, பாவம் உங்க கால்ல இடிச்சிடப்போகுதுன்னா. அதோட விட்டுட்டேன்.”

தீக்காயம் என் துறை அன்று. பதினான்கு குறிப்புகளுக்குப் பின்னும் முடிவு மாறாத ஒரு சோதனையைத் தொடர்ந்து செய்தவருக்கு அறிவியல் நோக்கு இல்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

ஆலை அந்தப் பெண்ணைப் பொய் மனுக் கொடுத்ததற்காக நீக்கியது. ஏழு மாதங்களுக்குப் பின் வலது கண் முழுதும் இருண்டதும் அவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனார். அங்கே அளவு பார்ப்பவர் ஒரு தடவை உள்ளே பார்த்துவிட்டு, கடையைப் பூட்டி, தம் வண்டியிலேயே பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கிறார். ஒரு கடைக்காரர். மறுவாரம் அறுவை செய்து கட்டியை எடுத்தார்கள். வலது கண் திரும்பவில்லை. இடது கண்ணில் சட்டையின் பொத்தான் துளை அளவுக்குப் பார்வை மிஞ்சியிருக்கிறது. பிப்ரவரியிலேயே வந்திருந்தால் பெரும்பகுதி தப்பியிருக்கும் என்று அங்குள்ள மருத்துவர் எழுதியிருக்கிறார். அவருடைய நடை மோசம், கருத்து சரி.

புகார் மனுவில் அந்தப் பெண் தமக்கென்று எதுவும் கேட்கவில்லை. இதுதான் குழுவைக் குழப்பியது. நான் வெள்ளைப் படிவம் எழுதியவர்களைத் திரும்ப அழைத்து, வேறொருவரை வைத்துப் பார்க்கவேண்டும்; யாருக்காவது இன்னும் நேரம் இருக்கலாம் என்று கேட்டிருக்கிறார். வாரியம் மறுக்கிறது. மருத்துவர் பார்த்து எழுதிய அறிக்கையை, தாம் பார்க்காமல் எழுதியதாக அவரே சொன்னால் அல்லாமல், மீண்டும் திறக்க விதியில் இடமில்லை. தலைவர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: எந்தெந்தக் கோப்பில் நிஜமாகவே பார்த்து எழுதினீர்கள்?

என் கண்ணைப் பற்றி இங்கே இரண்டு வாக்கியம் சொல்லவேண்டியிருக்கிறது. ஐந்தாண்டுகளுக்கு முன் ஒரு காலையில், வாசித்துக்கொண்டிருந்த சொல்லின் நடு எழுத்து காணாமற்போயிற்று. ஓராண்டுக்குள் சொல்லும், பிறகு முகங்களும். பார்வையை நான் இழக்கவில்லை. அதன் நடுப்பகுதி மட்டும் இல்லை. ஓரங்கள் அனைத்தும் எனக்கு உண்டு. நடமாடுகிறேன், படி இறங்குகிறேன், ஒருவர் கை அசைவதைக் காண்கிறேன். ஒருவரைப் பார்க்க விரும்பினால் அவர் காதுக்கு அப்பால் பார்க்கவேண்டும், அவ்வளவே. பெரும்பாலானவர்கள் நடுப்பார்வையை வைத்துக்கொண்டு செய்தித்தாள் படிப்பதைத் தவிர வேறு என்ன கிழித்துவிட்டார்கள்?

வேலையை விட்டிருக்கலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். எதற்கு? குருடன் என்று மனுக் கொடுக்கவா? எந்த அறையில், யார் முன் உட்கார்ந்து? இருபத்தாறு ஆண்டுகள் அந்த நாற்காலியில் நெளிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே முறையை மாற்றினேன். கருவி வேண்டாம், மனிதரைக் கவனித்தால் போதும். மூச்சு, காலடி, நாற்காலியை இழுக்கும் விதம். என் முதல் இருபது ஆண்டுகளில் ஐந்து மனுக்களில் ஒன்று பொய் என்று கண்டேன். கடைசி நான்கு ஆண்டுகளில் முந்நூற்று நாற்பது மனுக்கள். அனைத்துக்கும் வெள்ளைப் படிவம். மஞ்சள் ஒன்றுகூட இல்லை. அனுபவம் முதிர்ந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று குழுவைக் கேட்டேன். சாமான் அறையிலிருந்து சாட்சி சொல்ல வந்திருந்த அளவுக்காரம்மா மூக்கைச் சிந்தினார்.

எனக்குக் கண் தெரியவில்லை என்று அவர் சொன்னதால் மட்டும் குழு நம்பிவிடவில்லை. சென்ற திங்கட்கிழமை தலைவர் என் கையில் ஓர் அட்டையைக் கொடுத்தார்.

“இது உங்க அட்டைதானே டாக்டர்?”

விரலுக்கு அதே தடிமன். அதே மழுங்கிய மூலை. “ஆமாம்மா.”

“என்ன போட்டிருக்குன்னு வாசிங்க.”

“இதை வாசிப்பவர் பொய்யர்.”

“பின்பக்கம்?”

திருப்பினேன், மூன்று நொடி எண்ணினேன். “பின்பக்கம் ஒண்ணும் இல்ல.”

“முன்பக்கமும் ஒண்ணும் இல்ல டாக்டர். வெத்து அட்டை.”

என் அட்டையைப்போலவே வெட்டி, மூலையையும் வேண்டுமென்றே தேய்த்திருக்கிறார்கள். ஒரு மருத்துவரை ஏமாற்றிப் பரிசோதிப்பது எந்த நெறியைச் சேர்ந்தது என்று கேட்டேன். அப்போது அந்தப் பெண், கணவரின் தோளைப் பிடித்தபடி, சிரித்துக்கொண்டே சொன்னார்:

“சார் ஓரத்துல பாப்பாரு. நான் அப்ப நடுவுல பாத்தேன். அன்னிக்கு ரெண்டு பேரும் சேந்து பாத்திருந்தா ஒரு முழு ஆளா இருந்திருப்போம்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வெந்த கையைக் கொண்ட ஒருவர் இவ்வளவு எளிதாகச் சிரிப்பது இயல்பானதாக எனக்குத் தோன்றவில்லை. அதைப் பழைய பழக்கத்தில் மனத்தில் குறித்துக்கொண்டேன்.

இப்போது விடை.

அந்தப் பெண்ணின் நரம்பு முனைகளை நான் காணவில்லை. கருவியில் சாம்பல் நிறம் ஒன்று இருந்தது. அது எப்போதும் இருப்பது. அளவுக்காரம்மா படத்தைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே கட்டி இருக்கிறது என்று அறிந்திருந்தேன். அறிந்தும் வெள்ளைப் படிவத்தை எடுத்தேன். மஞ்சளில் இரண்டு வட்டங்கள் இருந்தன. என்னால் வரைய முடியாது. அது யாருக்கும் தெரியவராத படிவம் ஒன்று பக்கத்திலேயே இருந்தது. முந்நூற்று நாற்பது கோப்புகளில் நரம்பு முனையைக் கண்டு எழுதியவை: இல்லை. அவற்றில் எத்தனை பேர் மெய் சொன்னார்கள் என்று கேட்டால், என்னால் சொல்ல முடியாது. நாற்பது, ஐம்பது பேர் முக்காலியை முழு நடையில் இடித்தார்கள். ஒவ்வொருவரின் ஒலியும் நினைவிருக்கிறது. பெயர்களை அளவுக்காரம்மா அறிவார்.

இதை வருத்தத்தினால் சொல்லவில்லை. கேட்கப்பட்ட கேள்விக்கு முழுமையாக விடை சொல்வது ஒழுங்கு என்பதால் சொல்கிறேன். திறக்கட்டும். என் நடையில் அவர்களுக்கு ஒரு பிழையும் கிடைக்காது.

பதினொரு மணி ஐம்பத்தைந்து நிமிடம். இதையும் சேர்த்துக்கொள்க. தூறல் தொடங்கியிருக்கிறது, சன்னல் தகரத்தில் கேட்கிறது. தலைவர் அம்மையார் வந்து, நான் கடைசியாகச் சொன்னவற்றைத் தட்டச்சரின் தோளுக்கு மேலாக நின்று வாசித்தார். “இது போதும் டாக்டர்,” என்றார் பிறகு. “நாளைக்கே கூப்பிட ஆரம்பிச்சிடலாம்.” முடிவைப் பெற்றுக்கொண்டதற்குப் பதிவேட்டில் கையொப்பம் கேட்டார். தட்டச்சர் என் விரலை உரிய இடத்தில் வைத்தார், வேண்டியிருக்கவில்லை, வைத்தார். இட்டேன்.

“அழகாப் போட்டிருக்கீங்க,” என்றார் தலைவர். “கோட்டை விட்டுக் கொஞ்சங்கூட விலகல.”

நன்றி சொன்னேன்.

தாள் இப்போது என் கையில் இருக்கிறது. ஒரே பக்கம். கீழே கையொப்பம் விழுந்த இடத்தில் பேனா அழுத்தமாக ஓடியிருக்கிறது, விரலுக்குத் தெரிகிறது. ஒரு பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் என்பது என் கணக்கு. அவ்வளவு நேரம் அதன்மேல் குனிந்திருந்தேன். முடிவு தெளிவாக இருக்கிறது, நடையும் பரவாயில்லை. தட்டச்சரிடம் நீட்டுகிறேன்.

“ஒரு தடவை சத்தமா வாசிங்க,” என்கிறேன். “பிழை இருந்தா நான் சொல்றேன்.”